அறுபதுக்கு மேல் எடை தூக்குகிறவருக்கு எந்த மாத்திரை?

அறுபதைத் தாண்டிய ஒருவர் ஜிம்மில் சேர்ந்தால் இரண்டாவது வாரமே கேள்வி வந்துவிடும்: "அண்ணாச்சி, சப்ளிமென்ட் என்ன எடுக்கீய?" கேட்பவர் இருபத்தைந்து வயதுப் பயிற்சியாளராக இருக்கலாம், பக்கத்தில் டம்பெல் அடிக்கும் பையனாகவும் இருக்கலாம். "ஒண்ணும் இல்லப்பா" என்றால் பரிதாபமாகப் பார்ப்பார்கள். ஒரே மாதத்தில் அண்ணாச்சியின் பையில் துண்டு, தண்ணீர் பாட்டிலோடு ஏழெட்டு அட்டை மாத்திரையும் சேர்ந்துவிடும். பச்சைக் குமிழாக வைட்டமின் ஈ. சப்பிச் சாப்பிடும் புளிப்பு மாத்திரையாக வைட்டமின் சி. தொண்டையில் சிக்கும் பருமனில் கால்சியம். வாரத்துக்கு ஒன்று என்று டி3. பி காம்ப்ளக்ஸ். ராத்திரிக்கு ஜிங்க், மெக்னீசியம். இது போதாதென்று, அட்டைப்பெட்டியில் '50+' என்று போட்ட மல்டிவைட்டமின்.

திருச்செந்தூர்ப் பக்கம் இந்தப் பையைப் பிரித்துப் பார்ப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. டாக்டர் சிவந்தி ஆதித்தனார் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கும் ஊர் இது. விசில் மாட்டிய கழுத்தோடு முப்பது வருடம் மைதானத்தில் நின்று ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார்களுக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கத் தெரியாதவர்கள். மூத்தோர் தடகளம் 35 வயதிலேயே தொடங்கிவிடுகிறது. வலுதூக்குதலில் 40இல் ஆரம்பித்துப் பத்துப் பத்து வயதாகப் பிரித்து, 70க்கு மேற்பட்டவர்களுக்கும் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். கனம் தூக்குவது தென்பாண்டிச் சீமைக்குப் புதிதும் அல்ல. நெல்லை மாவட்டத்து வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குகிறார்கள். அங்குள்ள பெரிய கல் 129 கிலோ. ஆக, வயதான பிறகும் எடை தூக்கலாமா என்பது இங்கே கேள்வியே இல்லை. தூக்குகிறவருக்கு அந்தப் பை தேவையா என்பதுதான் கேள்வி.

ஒவ்வொரு மாத்திரையையும் மூன்று விதமாக நிறுத்துப் பார்க்கலாம். பயிற்சியால் மட்டும் வரும் பலத்துக்கு மேல் அது ஏதாவது கூட்டுகிறதா? உடம்பில் நிஜமாகவே இருக்கும் குறையை நிரப்புகிறதா? கெடுதல் ஏதும் செய்கிறதா? விற்கிறவர்களின் சாமர்த்தியம், இரண்டாவது கேள்விக்கான பதிலைக் காட்டி முதல் கேள்விக்கு விற்பதில் இருக்கிறது. பி12 குறைந்து தள்ளாடுகிறவருக்கு பி12 கொடுத்தால் தெம்பு வரும், உண்மை. குறையே இல்லாதவருக்கு அதைக் கொடுத்தால் தொடை பருக்கும் என்பது வேறு சங்கதி.

முதல் கேள்விக்கு ஒரு பழைய சோதனை இன்றும் கனமான பதிலைத் தருகிறது. அமெரிக்காவின் பாஸ்டனில் மரியா ஃபியாடரோனே என்ற மருத்துவர் நடத்தி, 1994இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்டது. முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த 100 பேர், சராசரி வயது 87. பலருக்கு நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதே பாடு. அவர்களை நான்காகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குக் காலுக்கான எடைப் பயிற்சி. ஒரு பகுதிக்குத் தினமும் 360 கலோரி சத்துப் பானம், அதில் வைட்டமின்களும் தாதுக்களும் அன்றாடத் தேவையில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு பகுதிக்கு இரண்டும். மிச்சப் பகுதிக்கு இரண்டுமே இல்லை. பத்து வாரம் கழித்துப் பார்த்தால், பயிற்சி செய்தவர்களின் தசை பலம் சராசரியாக 113 சதவீதம் கூடியிருந்தது. செய்யாதவர்களுக்கு 3 சதவீதம். சத்துப் பானம் பலத்தில் தனியாக எந்த மாற்றத்தையும் காட்டவில்லை. இன்னொன்றும் தெரியவந்தது: மொத்தமாக உள்ளே போன கலோரி கூடியது, பயிற்சியும் செய்து பானமும் குடித்தவர்களுக்கு மட்டுமே. உட்கார்ந்தபடி குடித்தவர்களுக்குப் பானம் சாப்பாட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இந்தச் சோதனைக்கு எதிராக ஒன்று சொல்லலாம். அது வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கும் அமெரிக்க இல்லத்தில் நடந்தது. யாருக்கு எந்தச் சத்து குறைவு என்று பிரித்துப் பார்த்துக் கொடுக்கவில்லை. சரியான ஆட்சேபம்தான். அது கிளப்பும் சந்தேகத்தை டி, பி12 பற்றிப் பேசும்போது எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன், கூட்டாதது மட்டுமல்லாமல் குறைக்கவும் செய்கிற ஒரு ஜோடியைப் பார்த்துவிட வேண்டும்.

வைட்டமின் சி, வைட்டமின் ஈ. உடற்பயிற்சியின்போது உண்டாகும் 'ஃப்ரீ ராடிக்கல்' என்ற வேதிக் குப்பையை இவை கூட்டித் தள்ளும், தசை சீக்கிரம் தேறும் என்பது கடைப் பேச்சு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நார்வேயில் 60 முதல் 81 வயதுவரை உள்ள 34 ஆண்களை வைத்து இதைச் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். எல்லாருக்கும் 12 வாரம் எடைப் பயிற்சி. பாதிப் பேருக்குத் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி, 235 மில்லிகிராம் வைட்டமின் ஈ; மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களின் கொழுப்பில்லா உடல் எடை 3.9 சதவீதம் கூடியது. சத்து மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 1.4 சதவீதம்தான். தொடையின் முன்தசை முன்னவர்களுக்கு 16 சதவீதத்துக்குச் சற்று மேல் தடித்தது. பின்னவர்களுக்கு 11 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. தூக்கிய எடையில் மட்டும் இரு சாராருக்கும் வித்தியாசம் இல்லை.

காரணம் உடம்பின் இயக்கத்திலேயே இருக்கிறது. எடை தூக்கும்போது தசைக்குள் உண்டாகும் அந்த ஆக்ஸிஜன் மூலக்கூறுகளில் ஒரு பகுதி குப்பை இல்லை. தசைக்கு 'வளர்' என்று சொல்லும் சமிக்ஞை. அளவுக்கு மீறி சியும் ஈயும் உள்ளே போனால் அந்தச் சமிக்ஞை மங்குகிறது. 34 பேர் சின்ன எண்ணிக்கைதான், பலம் குறையவில்லை என்பதும் மெய்தான். இருந்தாலும், வயதானவர் எடை தூக்குவதில் பாதி நோக்கமே கரையும் தசையைப் பிடித்து நிறுத்துவது. காசு கொடுத்து அதை மட்டுப்படுத்துவானேன்?

இந்த அளவு நமக்கு எட்டாத ஆய்வுக்கூட அளவு என்று நினைக்க வேண்டாம். எந்த மெடிக்கலிலும் சீட்டில்லாமல் கிடைக்கும் புளிப்பு மாத்திரை 500 மில்லிகிராம்; கொரோனா காலத்தில் பழகிப்போய் இன்றும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று சப்புகிறவர்கள் உண்டு. அதுவே 1000. பச்சைக் குமிழ் பெரும்பாலும் 400 மில்லிகிராம். அந்த நார்வே அளவைவிட அதிகம். வீட்டில் பெண்கள் அதை உடைத்து முகத்தில் தடவுவார்கள், அதில் இந்த வம்பு இல்லை. விழுங்குவதில் இன்னொரு ஆபத்தும் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவில் 35,533 ஆண்களைப் பின்தொடர்ந்த 'செலக்ட்' சோதனையில், தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ எடுத்தவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகமாக இருந்ததாக 2011இல் அறிவித்தார்கள். அறுபது வயது ஆணுக்கு இதற்கு மேல் என்ன சொல்ல? கொய்யா, நெல்லிக்காய், எலுமிச்சை சாப்பிடுகிறவர்கள் பயப்பட ஒன்றுமில்லை. அன்றாடம் பழத்திலிருந்து வருவது அந்த மாத்திரைக் கணக்கை நெருங்குவதில்லை.

ஆக, பையிலிருந்து முதலில் வெளியே போக வேண்டியவை இந்த இரண்டும்.

அடுத்தது டி. பையில் இருப்பதில் அதிகம் புகழப்படுவது, அதிகம் தவறாக எடுத்துக்கொள்ளப்படுவது, இரண்டும் இதுதான். "கடற்கரை ஊர், வருஷம் பூராவும் வெயில், நமக்கு எதுக்கு டி?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால், வெயிலுக்குக் குறைவில்லாத திருப்பதியில் சி. வி. ஹரிநாராயணும் சக ஆய்வாளர்களும் எடுத்த கணக்கில் நகரம், கிராமம் இரண்டிலும் டி குறைபாடு பரவலாக இருந்தது. வயலில் வேலை செய்யும் கிராமத்தாருக்கு நகரத்தாரைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். வெயில் ஊரில் அடிப்பது ஒன்று, தோலில் படுவது இன்னொன்று. நம் பெரியவர்கள் விடியற்காலை ஐந்தரைக்குக் கடற்கரையில் நடந்துவிட்டு ஏழு மணிக்கெல்லாம் வீடு திரும்புகிறார்கள். "இளவெயில் எலும்புக்கு நல்லது" என்பது ஊர் நம்பிக்கை. சூரியன் சாய்வாக இருக்கும் அந்த நேரத்தில், டி உண்டாக்கும் புறஊதாக் கதிர் காற்று மண்டலத்திலேயே வடிகட்டப்பட்டுவிடுகிறது. தோலில் டி உருவாகும் நல்ல நேரம் ஏறக்குறைய பதினொன்றிலிருந்து இரண்டு மணிவரை, நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரம். அப்போது தேரிக்காட்டுச் செம்மணலில் யார் நிற்பார்கள்? கறுத்த தோலுக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். வயது ஏற ஏறத் தோலின் உற்பத்தித் திறனும் குறைகிறது.

ஆக, குறை இருக்க வாய்ப்பு அதிகம். நிரப்பினால் பலம் கூடுமா? இங்கேதான் சான்றுகள் ஏமாற்றுகின்றன. அமெரிக்காவில் 25,871 பேருக்கு ஐந்து வருடத்துக்கு மேல் தினம் 2000 யூனிட் கொடுத்துப் பார்த்த 'வைட்டல்' சோதனையில் எலும்பு முறிவு குறையவில்லை. ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் 70 வயதைத் தாண்டிய 2157 பேரை மூன்று வருடம் கவனித்த 'டூ-ஹெல்த்' சோதனையிலும் டி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. இவற்றைக் காட்டி டியே தண்டம் என்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. வைட்டலில் சேர்ந்தவர்களின் ரத்தத்தில் டி அளவு ஆரம்பத்திலேயே சராசரியாக 30 நானோகிராமைத் தொட்டிருந்தது, அதாவது நிரம்பிய குடம். 10, 12 என்று ரிப்போர்ட்டில் வரும் நம் ஊர்க்காரருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. அவ்வளவு குறைந்தவருக்குத் தொடைத் தசையே தளர்ந்துபோகும், மாடிப்படி ஏறக் கஷ்டப்படுவார். நிரப்பினால் அது தேறும். நிரப்பியதற்கு மேல் ஊற்றினால் ஒன்றும் நடப்பதில்லை. சில சமயம் கெடுதல்தான் நடக்கிறது.

அந்தக் கெடுதல் நம் ஊர்ப் பழக்கத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. நம்மிடம் டி பெரும்பாலும் 60,000 யூனிட்டாகத்தான் விற்கிறது. வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று டாக்டர் எழுதுவார். சுவிட்சர்லாந்தின் சூரிச்சில், ஏற்கெனவே ஒருமுறை கீழே விழுந்திருந்த, 70 வயதைத் தாண்டிய 200 பேரில் ஒரு பகுதிக்கு இதே 60,000 யூனிட்டை மாதம் ஒருமுறை கொடுத்து, மாதம் 24,000 யூனிட் எடுத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருடத்தில் 24,000 எடுத்தவர்களில் 47.9 சதவீதம் பேர் விழுந்தார்கள். 60,000 எடுத்தவர்களில் 66.9 சதவீதம். கால் செயல்பாட்டிலும் கூடுதல் பலன் இல்லை. இதற்கு முன்பே 2010இல் ஆஸ்திரேலியாவில் 70 வயதைத் தாண்டிய பெண்களுக்கு வருடத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்தபோதும் விழுவதும் எலும்பு முறிவதும் கூடத்தான் செய்தன. கனடாவின் கால்கரியில் 55 முதல் 70 வயதுக்குள் ஆரோக்கியமாக இருந்தவர்களுக்குத் தினம் 10,000 யூனிட் கொடுத்த இடத்தில் மூன்று வருடத்தில் எலும்பின் அடர்த்தி குறைந்தது. வாரம் 60,000 என்பது நாளுக்கு எட்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டுகிறது. எட்டு வாரம் முடிந்தும் நிறுத்தத் தோன்றாமல், "டாக்டர் எழுதுனதுதானே" என்று பழைய சீட்டைக் காட்டி இரண்டு வருடமாக வாங்கிச் சாப்பிடுகிறவர் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 60 வயதுக்கு மேற்பட்டவருக்கு ஐசிஎம்ஆர் 2020 அட்டவணை சொல்வது நாளுக்கு 800 யூனிட்.

டெஸ்ட் எடுத்துவிட்டுச் சாப்பிடு என்பதும் எல்லாரும் ஒப்புக்கொண்ட யோசனை இல்லை. அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, ஆரோக்கியமானவர்களுக்கு வழக்கமாக டி டெஸ்ட் எடுக்க வேண்டாம், 75 வயதைத் தாண்டியவர்கள் டெஸ்ட் இல்லாமலே மிதமான அளவில் எடுக்கலாம் என்கிறது. அங்கே பாலிலேயே டி சேர்த்து விற்கிறார்கள். பெரும்பாலான உடம்பு ஓரளவு நிரம்பியிருக்கிறது. குறைபாடு இவ்வளவு பரவிய நம் பக்கத்தில், எடைப் பயிற்சி தொடங்கும் முதியவர் ஒருமுறை அளந்து பார்ப்பது வீண் செலவு என்று எனக்குத் தோன்றவில்லை. குறைந்தால் எட்டு வாரம் நிரப்பி, பிறகு சிறிய அன்றாட அளவுக்கு இறங்க வேண்டும். மாதாமாதம் வெடி போடுவதல்ல வழி.

டிக்கு இவ்வளவு வாதம். பி12க்கு வாதம் குறைவு, அவசியம் அதிகம். பையில் இருப்பதிலேயே மரியாதைக்குரியது இதுதான். அதற்குக் காரணம் ஜிம் இல்லை, மருந்து டப்பா. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகு சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. சுகருக்குப் பெரும்பாலும் முதலில் தருவது மெட்ஃபார்மின். நல்ல மருந்து, விலையும் குறைவு. ஆனால் அது குடலில் பி12 உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். நெதர்லாந்தில் 390 நோயாளிகளை நான்கு வருடத்துக்கு மேல் கவனித்து 2010இல் வெளியிட்ட சோதனையில், மெட்ஃபார்மின் எடுத்தவர்களின் பி12 அளவு 19 சதவீதம் சரிந்திருந்தது. இதோடு, நெஞ்செரிச்சலுக்கென்று ஆரம்பித்து வருடக்கணக்கில் நிறுத்தாமல் விழுங்கும் 'கேஸ் மாத்திரை'யும் சேர்ந்தால் இன்னும் சரியும். மாமிசம், மீன், முட்டை, பால் தவிர வேறெதிலும் பி12 நம்பும்படி கிடையாது. சுத்த சைவக்காரர், மெட்ஃபார்மின், கேஸ் மாத்திரை — மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் டெஸ்ட் எடுக்காமல் ஸ்குவாட்டுக்குப் போகவே கூடாது என்பேன். பி12 குறைந்தால் நரம்பு கெடும். பாதம் மரத்து, தரை எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியாதபோது, தோளில் 40 கிலோ பார்பெல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது வம்பை விலைக்கு வாங்குவது.

கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம், ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் என்று மீனை விடுகிறவர்கள், அந்த நாளில் சத்து போய்விடுமே என்று பி12 மாத்திரை தேடுவதுண்டு. தேவையில்லை. நல்ல இருப்பு உள்ளவரின் கல்லீரலில் பி12 சில வருடத்துக்குப் போதுமான அளவு இருக்கும். ஒரு மண்டலம் அதை அசைக்காது.

பி காம்ப்ளக்ஸ் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பி12 பக்கத்தில் பி6ம் இருக்கும். பி6 அதிக அளவில் மாதக்கணக்காகப் போனால் அதுவே நரம்பைப் பாதித்து மரமரப்பைத் தரும். காலில் மரமரப்பு என்று ஆரம்பித்த மாத்திரை அதே மரமரப்பைத் தருவது கொடுமை. பி12 மட்டும் குறைந்தவர் பி12 மட்டும் எடுப்பது நல்லது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கால்சியம் நாளுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் வேண்டும், சாப்பாட்டிலிருந்து வந்தால் உத்தமம். கேழ்வரகு 100 கிராமில் 350 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது; முள்ளோடு கடித்துத் தின்னும் நெத்திலி இன்னும் நல்லது; பால், தயிர் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரையாக 1000 மில்லிகிராம் கால்சியத்தோடு டியையும் 36,282 பெண்களுக்குக் கொடுத்த அமெரிக்கச் சோதனையில் சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது. வியர்த்துக் கொட்டும் நம் பக்கத்தில், கல் வந்த அனுபவம் உள்ளவர் யோசித்துத்தான் தொட வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் கால்சியத்தை நாலு மணி நேரம் தள்ளி எடுக்காவிட்டால் தைராய்டு மருந்து வீணாகும். இரும்புச் சத்து மாத்திரை வயதான ஆணுக்குச் சொந்தமாக எடுக்கவே கூடாதது. ரத்தசோகை இருந்தால் குடலில் எங்கோ ரத்தம் கசிகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. மாத்திரை அந்தத் தடயத்தை மறைத்துவிடும். ராத்திரி கெண்டைக்கால் பிடிப்புக்கு மெக்னீசியம் என்கிறார்கள். முதியவர்களின் பிடிப்பை அது குறைப்பதாகத் தெரியவில்லை என்று காக்ரேன் தொகுப்பாய்வு 2020இல் சொல்லிவிட்டது. ஜிங்க் அதிகமானால் உடம்பில் செம்பு குறைந்து நரம்பைக் கெடுக்கும்.

மல்டிவைட்டமினுக்கு ஆதரவாக ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதை மழுப்பக்கூடாது. "குறைஞ்ச அளவுதான், கெடுதல் இல்ல, ஒரு காப்பீடு மாதிரி இருக்கட்டுமே" என்பார்கள். 21,442 முதியவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த 'காஸ்மோஸ்' சோதனையில் மல்டிவைட்டமின் எடுத்தவர்களுக்கு ஞாபகசக்தியில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. இதய நோயையோ மொத்தப் புற்றுநோயையோ அது குறைக்கவில்லை. 3,90,124 ஆரோக்கியமானவர்களை இருபது வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்து 2024இல் வந்த ஆய்வில், தினம் எடுத்தவர்கள் அதிக நாள் வாழவில்லை. பல் இல்லாமல், பசி இல்லாமல், அரை வயிற்றோடு எழுந்துவிடும் எழுபத்தைந்து வயதுக்காரருக்கு அந்தக் காப்பீடு பொருந்தலாம். வலுதூக்குகிறவர் நன்றாகச் சாப்பிடுகிறவர். அவருக்கு அது அதிகபட்சம் தீங்கில்லாத செலவு.

அந்தச் செலவுக்குப் பதிலாக எதை வாங்கலாம்? வயதான தசை பிடிவாதம் பிடிக்கும். இளம் தசையை வளரச் சொல்ல ஒரு வேளைக்குப் போதுமான புரதம் வயதான தசைக்குப் போதாது. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேண்டும். எடை தூக்கும் முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் என்று வல்லுநர்கள் சொல்கிறார்கள், அதாவது 65 கிலோ ஆளுக்கு 78 கிராம். காலையில் நாலு இட்லி, மதியம் சோறும் சாம்பாரும் கூட்டும், ராத்திரி தோசை என்று போனால் 50ஐத் தொடுவதே கஷ்டம். வீரபாண்டியன்பட்டினத்திலோ புன்னைக்காயலிலோ கரைக்கு வரும் சாளையில் 100 கிராம் சதைக்கு 20 கிராம் அளவில் புரதம், கூடவே பி12, ஓரளவு டியும் உண்டு. ஒரு முட்டையில் 6 கிராம். மீன் சாப்பிடாதவருக்குத் தயிர், பருப்பு, கடலை, கொண்டைக்கடலை இருக்கிறது. இவற்றில் தினமும் இரண்டு மூன்று சேர்ந்தால் கணக்கு தேறும். புரதத்தையும் மந்திரமாக நினைக்க வேண்டாம். 49 சோதனைகளைத் தொகுத்து 2018இல் வந்த ஆய்வு, கூடுதல் புரதத்தால் வரும் லாபம் வயது ஏற ஏறக் குறைகிறது என்றே சொல்கிறது. பயிற்சிதான் பெரிய பங்கு.

நம்ம ஊர்ச் சாப்பாட்டைப் புகழ்கிறவர்களிடமும் இதே தராசை நீட்ட வேண்டும். உடன்குடிக் கருப்பட்டியில் இரும்பு, கால்சியம் என்று பட்டியல் போடுவார்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்குவதால் பதநீரில் கால்சியம் ஏறுவது மெய்தான். ஆனால் கருப்பட்டியின் பெரும்பகுதி சர்க்கரை. அதிலிருந்து ஒரு நாளைய இரும்பை எடுக்கும் அளவு தின்றால் சுகர்க்காரர் ஆஸ்பத்திரியில் இருப்பார். காபிக்கு ருசி என்று சொல்லிக் குடிப்போம், மருந்து என்று வேண்டாம். 2024இல் கோவை குனியமுத்தூரில் 82 வயதில் 50 கிலோ டெட்லிஃப்ட் போட்ட கிட்டம்மாளைக் காட்டி, பழைய சாப்பாடே போதும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். அவருடைய தூக்கு பிரமிப்பானது. ஒரே ஒருவரின் சாப்பாடு எதற்கும் சான்றாகாது, எந்தத் திசையிலும்.

வைட்டமின் கணக்கில் வராத ஒரு பொருள்தான், பலத்தைக் கூட்டுவது பற்றிய முதல் கேள்விக்கு ஓரளவு 'ஆமாம்' என்கிறது: கிரியேட்டின். முதியவர்களின் எடைப் பயிற்சியோடு அதைச் சேர்த்த 22 சோதனைகளைத் தொகுத்தபோது, கொழுப்பில்லா எடை 1.37 கிலோ கூடுதலாக ஏறியது. பையில் அது இருக்காது, "அது பையனுவ சாப்பிடுதது" என்று ஒதுக்கியிருப்பார்கள். எடுக்கிறவர் சிறுநீரக டெஸ்டுக்கு முன் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கிரியேட்டினின் அளவு கொஞ்சம் ஏறிக் காட்டி வீண் பீதியைக் கிளப்பும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர் தொடவே வேண்டாம்.

டப்பாவுக்குள் இருப்பதை நம்புவது தனிப் பிரச்சினை. கேரளத்தைச் சேர்ந்த சிரியக் அபி பிலிப்ஸ் உள்ளிட்ட மருத்துவர்கள் இந்தியச் சந்தையின் 36 புரதப் பவுடர்களைச் சோதித்து 2024இல் வெளியிட்டதில், ஏறக்குறைய 70 சதவீதத்தில் புரத அளவு பற்றிய தகவல் சரியில்லை; சிலவற்றில் பூஞ்சை நச்சும் பூச்சிமருந்து மிச்சமும் இருந்தன. இன்னும் பழைய கணக்கு ஒன்று: 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்டுகளில் 14.8 சதவீதத்தில், லேபிளில் சொல்லாத, ஹார்மோன் சார்ந்த பொருள் இருந்தது. மூத்தோர் போட்டிக்கும் ஊக்கமருந்து விதி உண்டு. அதில் பலருக்குத் தெரியாத பொறி பவுடரில் இல்லை, பிரஷர் மாத்திரையில் இருக்கிறது. டெல்மிசார்ட்டனோடு ஹைட்ரோகுளோரோதையசைடோ குளோர்தாலிடோனோ சேர்ந்த மாத்திரை இங்கே சர்வ சாதாரணம். கூடச் சேரும் அந்த இரண்டும் சிறுநீர் பெருக்கிகள், உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப் பட்டியலில் எப்போதும் இருப்பவை. போட்டிக்காக மருந்தை நிறுத்தக்கூடாது. முன்கூட்டியே சிகிச்சைக்கான விலக்கு கேட்டு எழுத வேண்டும்.

தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையில் எந்த வைட்டமினும் எந்தத் தாதுவும் பலத்தைப் பயிற்சிக்கு மேல் கூட்டும் என்று நம்பும்படி நிரூபிக்கப்படவில்லை. பி12க்கு இடம் உண்டு: மெட்ஃபார்மின் எடுப்பவர், கேஸ் மாத்திரை எடுப்பவர், சுத்த சைவர் ஆகியோருக்கு, அளந்து பார்த்து. டிக்கு இடம் உண்டு: குறைந்தவருக்கு மட்டும், நிரப்புவது முடிவு தேதியோடு, பிறகு சிறு அளவில். கால்சியம் தட்டில் இருக்கட்டும். அதிக அளவு சியும் ஈயும் வெளியே. மற்றவை டாக்டர் காரணத்தோடு எழுதினால் ஒழிய வேண்டாம்.

இந்தத் தீர்ப்பில் ஒரு பலவீனம் இருப்பதை மறைக்க முடியாது. மேலே எடைபோட்ட சோதனைகளில் பெரும்பாலானவை பாஸ்டன், சூரிச், கால்கரி, நார்வே உடம்புகளில் நடந்தவை. டி 12இல் இருக்கும், மெட்ஃபார்மின் சாப்பிடும், இட்லியும் மீன் குழம்பும் உண்ணும் உடம்பு எடைப் பயிற்சிக்கு எப்படி ஈடுகொடுக்கிறது, குறையை நிரப்பினால் அந்த ஈடு கூடுகிறதா என்பதை இங்கே அளந்தால்தான் தெரியும். அதற்குப் பெரிய பணம் தேவையில்லை. நார்வேக்காரர்களுக்கு 34 பேரும் 12 வாரமும் போதுமாக இருந்தது. திருச்செந்தூரில் உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது, அங்கே எடை அறையும் பயிற்சி தரத் தெரிந்த மாணவர்களும் உண்டு. ரத்தம் எடுத்துப் பார்க்கத் தூத்துக்குடியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். கூப்பிட்டால் வர, விசிலைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டில் உட்கார முடியாத பி.டி. வாத்தியார்கள் 34 பேர் கிடைக்காமலா போவார்கள்?